எல்லைக்கோட்டுக்கு முந்த வேண்டிய கணக்கு: வன்னிப் பெருநிலத்தின் சுதேசத் தாவரங்களை அளத்தலும் காத்தலும்

வன்னிப் பெருநிலம் என்பது ஆனையிறவுக்குத் தெற்கே தொடங்கி, கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களையும் முதன்மையாகக் கொண்டு பரந்திருக்கும் நிலப்பகுதியாகும். இலங்கையின் தாழ்நில உலர் வலயத்தில் தொடர்ச்சியறாமல் எஞ்சியுள்ள காடுகளில் பெரும் பங்கு இங்கேதான் உள்ளது. முல்லைத்தீவு மாவட்டத்தில் நிலப்பரப்பின் பாதிக்கு மேல் இன்றும் காடாகவே இருக்கிறது. ஆயினும் சிங்கராஜா மழைக்காடும் மத்திய மலைநாடும் இலங்கைத் தாவரவியலில் பெற்ற கவனத்தில் சிறு பங்கையேனும் வன்னி பெறவில்லை. தாவர வளத்தை மதிப்பிடுவதற்கு வழமையாகக் கையாளப்படும் அளவுகோல் இந்நிலத்துக்குப் பொருந்தாமற் போனது அதற்கு ஒரு காரணம். கள ஆய்வு முறைப்படத் தொடங்கிய பத்தாண்டுகளிலேயே உள்நாட்டுப் போர் இப்பகுதியை அடைத்துவிட்டது மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு தலைகீழான நிலையை உண்டாக்கியுள்ளன. எந்த இடத்தில் என்ன தாவரம் நிற்கிறது என்ற கணக்கை எடுத்த பின்னரே காப்பு எல்லைகளை வரைவது முறையாக இருக்க, வன்னியில் எல்லைகள் முதலில் வரையப்பட்டன. கணக்கு இன்னும் முழுமையாக எடுக்கப்படவில்லை.

இலங்கைத் தாவரங்களைப் பதிவுசெய்யும் முயற்சி 17ஆம் நூற்றாண்டின் எழுபதுகளில், ஒல்லாந்தக் கம்பனியின் மருத்துவராக இருந்த பவுல் ஹேர்மன் என்பவருடன் தொடங்குகிறது. அவர் உலர்த்திச் சேர்த்த செடிகளை அடிப்படையாகக் கொண்டே லின்னேயஸ் 1747இல் இலங்கைத் தாவரங்கள் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆங்கிலேயர் ஆட்சியில் 1821இல் பேராதனைத் தாவரவியற் பூங்கா நிறுவப்பட்டதும் இவ்வேலை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாயிற்று. அதன் பொறுப்பில் இருந்தோருள் மூன் 1824இல் பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிட்டார். துவைட்ஸ் 1858க்கும் 1864க்கும் இடையில் விரிவான பட்டியலை முடித்தார். ஹென்றி டிரைமன் 1893இல் தொடங்கிய கைந்நூல், அவர் இறந்த பின் ஜோசப் ஹூக்கரால் 1900இல் நிறைவு பெற்றது. தாவரங்களின் தமிழ், சிங்களப் பெயர்களையும் டிரைமன் உடன் குறித்தமையால், அந்நூல் இன்றும் களத்தில் பயன் தருகிறது. 1968இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் துணையுடன் தொடங்கிய திருத்திய பதிப்பு 15 தொகுதிகளாக வளர்ந்து 2006இல்தான் முடிவுற்றது. இப்பணிகள் யாவற்றுக்கும் மையமாக இருந்தது பேராதனை. அங்கிருந்து மழைக்காடும் மலைச்சாரலும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன; வன்னியோ பயணத்துக்குக் கடினமானதும் மலேரியாவுக்குப் பேர்போனதுமான வெளிப்புறமாகவே நெடுங்காலம் கருதப்பட்டது. வன்னி மாவட்டங்களைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட கைந்நூல் இவ்விடைவெளியை ஓரளவு நிரப்புகிறது. ஆனால் அவர் நிர்வாக அதிகாரி. அவர் நூல் ஒரு நாட்டைப் பற்றிய அறிக்கையே அன்றித் தாவரக் கணக்கு அன்று.

அளவுகோல் பற்றிய சிக்கலைச் சற்று விரித்து நோக்குதல் வேண்டும். ஒரு நிலத்தின் தாவர வளத்தை மதிப்பிடுவோர் முதலில் தேடுவது, வேறெங்கும் இயற்கையாக வளராது அந்நாட்டுக்கே உரியனவாக இருக்கும் இனங்களின் எண்ணிக்கையைத்தான். 2012ஆம் ஆண்டின் தேசிய செந்நிறப் பட்டியல், அதாவது அழிவை எதிர்நோக்கும் இனங்களை அபாயத்தின் அளவுக்கேற்ப வகுத்துக் காட்டும் அரச ஆவணம், இலங்கையில் 3,154 பூக்கும் தாவர இனங்களை மதிப்பிட்டு, அவற்றுள் 894 இலங்கைக்கே உரியவை எனக் காட்டியது. அந்த 894இல் மிகப் பெரும்பாலானவை தென்மேற்கு ஈரவலயத்திலும் மலைநாட்டிலும் வளர்பவை. இந்த அளவுகோலைக் கொண்டு பார்ப்பவருக்கு வன்னி வெறுமையாகவே தோன்றும். ஏனெனில் அதன் மரங்களும் செடிகளும் பெரும்பாலும் தென்னிந்தியாவின் சோழமண்டலக் கரையுடன் பொதுவானவை.

ஆனால் அந்தப் பொதுமையே வன்னியின் மதிப்பை உயர்த்துகிறது என்பதைக் காணத் தமிழ்நாட்டுக் கரையோரத்தைப் பார்த்தால் போதும். பாலையும் வீரையும் மேலோங்கிய உலர் என்றும் பசுமைக் காடு, அதாவது ஆண்டில் பல மாதங்கள் வறட்சி நிலவியும் இலையை முற்றாக உதிர்க்காத மரங்களாலான காடு, ஒருகாலத்தில் அக்கரையோரச் சமவெளியில் விரிந்து கிடந்தது. இன்று அங்கு எஞ்சியிருப்பவை, புதுச்சேரியைச் சூழ்ந்த ஊர்களிலும் புதுக்கோட்டைப் பக்கத்திலும் ஐயனார் கோயில்களைச் சுற்றிச் சில ஏக்கர் அளவில் நிற்கும் கோயிற்காடுகளும் சில ஒதுக்கக் காடுகளுமே. அங்கே துண்டு துண்டாகக் காக்கப்படும் ஒரு காட்டு வகை, வன்னியில் நாட்கணக்கில் நடந்து கடக்கவேண்டிய பரப்பாக நிற்கிறது. அரிய இனம் ஒன்று இருக்கிறதா என்று தேடுவதைவிட, ஒரு காட்டு வகை அதன் முழு வளர்ச்சியில், முழுப் பரப்பில், தன் விலங்குகளோடும் பூச்சிகளோடும் எங்கே எஞ்சியுள்ளது என்று கேட்பதே இந்நிலத்துக்குப் பொருந்தும் கேள்வி.

அக்காட்டின் அமைப்பு வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒருசீராகத் தோன்றினும் உள்ளே அடுக்குகளாகவே உள்ளது. மேலடுக்கில் பாலை நிற்கும். கடினமான சிவந்த வைரமும் கறுத்து வெடித்த பட்டையும் கொண்ட இம்மரம் மிக மெதுவாக வளர்வது. அதனோடு முதிரை, கருங்காலி, யாவறணை, சாவண்டலை என்பவை கலந்து நிற்கும். அவற்றின் கீழே வீரையும் தம்பனையும் காயாவும் நிழலைத் தாங்கி வளரும். அதற்கும் கீழே காரையும் சூரையும் முட்கொடிகளும் பின்னிக் கிடக்கும். ஆற்றோரம் வந்தவுடன் காட்சி மாறி, மருதும் நாவலும் இலுப்பையும் உயர்ந்து நிற்கும். கோடையின் நடுவில், ஏறக்குறைய வைகாசி முதல் ஆடி வரை, பாலை பழுக்கும் காலத்தில் இக்காட்டின் பொருளாதாரம் முழுவதும் அம்மரத்தைச் சுற்றியே இயங்குகிறது. மஞ்சள் நிறத்தில் விரல்நுனி அளவேயான அப்பழத்தைக் கரடியும் குரங்கும் பறவைகளும் உண்ண, ஊரவரும் பறித்துச் சந்தைக்குக் கொண்டுவருகின்றனர். தின்பவரின் உதடுகளைப் பால் ஒட்டிவைக்கும் என்பதால் அதைத் தின்றதைச் சிறுவர் மறைத்துவைக்க முடியாது. பழத்துக்காகக் கிளைகளையே வெட்டி வீழ்த்தும் வழக்கம் அண்மைக்காலத்தில் பெருகியிருப்பது கவலைக்குரியது. எல்லா ஆண்டும் ஒரே அளவில் காய்க்காத ஒரு மரத்தின் கிளையை இழப்பது, பல ஆண்டுகளின் விளைச்சலையும் அதனோடு காட்டு விலங்குகளின் கோடை உணவையும் இழப்பதற்குச் சமம்.

வன்னியின் காட்டைக் கன்னிக்காடு என வருணிப்போர் உண்டு. அவ்வருணனை சரியன்று. காட்டின் நடுவே உடைந்த குளக்கட்டுகளும் கற்றூண்களும் பல இடங்களில் காணப்படுகின்றன. இடைக்காலத்தில் நீர்ப்பாசனக் குடியிருப்புகள் கைவிடப்பட்ட பின் அவற்றின்மேல் வளர்ந்ததே இக்காட்டின் ஒரு பெரும் பகுதி. ஆகவே இங்கு வேறுபாடு காண வேண்டியது தீண்டப்படாத காட்டுக்கும் தீண்டப்பட்ட காட்டுக்கும் இடையில் அன்று. பல நூற்றாண்டுகள் வளர்ந்த காட்டுக்கும் இருபது முப்பது ஆண்டுகள் வளர்ந்த பற்றைக்கும் இடையிலேயே. பின்னர் வரும் காணிப் பிணக்குகளுக்கு இந்த வேறுபாடே திறவுகோல்.

சுதந்திரத்துக்குப் பிந்திய முதற் பெரும் அளவை, கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடிய நிறுவனம் ஒன்று வானிலிருந்து எடுத்த ஒளிப்படங்களைக் கொண்டு நடத்திய காட்டுக் கணக்கெடுப்பாகும். அதன் அறிக்கை 1961இல் வெளிவந்தது. மரம் எவ்வளவு கிடைக்கும் என்பதே அதன் கேள்வி. பலகைக்கு உதவாத செடி, புல், கொடி எதற்கும் அதில் இடமிருக்கவில்லை. தாவர இனங்களையே நோக்கமாகக் கொண்டு காடுகளை ஒவ்வொன்றாக ஆராயும் பெருமுயற்சி, 1991 முதல் 1996 வரை வனத் திணைக்களம் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்துடன் சேர்ந்து நடத்திய தேசியக் காப்பு மீளாய்வில் நிகழ்ந்தது. மரங்களையும் விலங்குகளையும் மட்டுமன்றி, நீரைப் பிடித்துவைப்பதில் ஒவ்வொரு காட்டின் பங்கையும் மதிப்பிட்ட அம்மீளாய்வு, எந்தக் காடுகளை முதலில் காக்க வேண்டும் என்ற வரிசையை நாட்டுக்குத் தந்தது. அவ்வரிசையில் வடக்கின் காடுகள் இல்லை. போரினால் ஆய்வாளர் அங்கு செல்ல இயலவில்லை. அளக்கப்படாத காடு முன்னுரிமைப் பட்டியலிலும் இடம்பெறாது என்ற எளிய உண்மை, வன்னியின் காப்பு வரலாற்றை அன்றிலிருந்து இன்றுவரை தீர்மானித்து வந்திருக்கிறது.

போர் காட்டுக்குச் செய்ததை ஒரே சொல்லில் நன்மை என்றோ தீமை என்றோ கூறிவிட முடியாது. ஆட்கள் வெளியேறிய ஊர்களில் காடு திரும்பி வளர்ந்தது. கண்ணிவெடி புதைந்த நிலத்தில் கோடாரி நுழையவில்லை. மறுபுறம், பதுங்குகுழிகளுக்காகப் பனையும் பாலையும் தறிக்கப்பட்டன. படை அரண்களின் முன்னால் பார்வைக்குத் தடையின்றி நிலம் அகலமாக வெளியாக்கப்பட்டது. 2009இல் இடம்பெயர்ந்த மக்களைத் தங்கவைக்கச் செட்டிகுளம் பகுதியில் மெனிக் பாம் முகாம் காட்டை வெட்டியே அமைக்கப்பட்டு 2012 வரை இயங்கியது. கண்ணிவெடி அகற்றும் பணியும் அதன் இயல்பினால் நிலத்தின் மேற்பரப்பைச் செடி கொடி இன்றி வழித்த பின்னரே நடைபெறக்கூடியது. மனித உயிரைக் காக்கும் வேலை அது. எனினும் வழிக்கப்பட்ட இடத்தில் முதலில் எழுவது பழைய காடு அன்று.

போர் முடிந்தபின் வர்த்தமானி அறிவித்தல்கள் விரைந்து வந்தன. 1938இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டிருந்த சுண்டிக்குளம் 2015இல் தேசிய பூங்காவாக உயர்த்தப்பட்டது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாயிற்று. இவற்றோடு வனத் திணைக்களம் செய்மதிப் படங்களைக் கொண்டு காட்டெல்லைகளைக் குறித்து, எல்லைக் கற்களை நாட்டியது. செய்மதிப் படம் காட்டுவது இலைக்கவிப்பின் அடர்த்தியை; எந்த இனத்தின் இலை என்பதையோ, அது எவ்வளவு காலம் அங்கே நிற்கிறது என்பதையோ அன்று. இருபது ஆண்டுகள் ஆளின்றிக் கிடந்த ஒரு வளவில் விடத்தலும் சூரையும் நாயுண்ணியும் மூடி வளர்ந்தால், மேலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது காடே. மீளக் குடியமரத் திரும்பியவர்கள் தம் வயலும் வளவும் காட்டெல்லைக்குள் அடங்கிவிட்டதைக் கண்டு முறையிட்ட நிகழ்வுகள் மூன்று மாவட்டங்களிலும் உண்டு. காணி உறுதிகள் போரில் தொலைந்தமை அவர்களின் நிலையை மேலும் நலிவாக்கியது.

இப்பிணக்கைத் தாவரவியல் தீர்த்துவிடும் என்று கூறுவது மிகை. ஆனால் அது சாட்சி சொல்லக்கூடியது. கைவிடப்பட்ட வளவினுள் நுழைந்து பார்ப்பவர் முதலில் காண்பது புளி, மா, பனை போன்ற நட்ட மரங்களையும் தலையிழந்த தென்னைகளையும். அவற்றினும் உறுதியான அடையாளம் வேலி. வேலிக்கு ஊன்றிய கிளுவங்கதியாலும் பூவரசங்கதியாலும் வேர்பிடித்து மரங்களாகி, பற்றையின் நடுவே நேர்கோட்டில், ஏறக்குறைய ஒரே பருமனில், ஒரே இடைவெளியில் நிற்கும். காட்டில் எதுவும் நேர்கோட்டில் தானாக வளர்வதில்லை. பழைய காட்டிலோ, பாலையின் அடியில் பல வயதுடைய வீரைக் கன்றுகள் நிழலில் காத்து நிற்கும். கைத்தடிமன் கொண்ட கொடிகள் மேலடுக்கு வரை ஏறியிருக்கும். முள்மரம் ஓரங்களில் மட்டும் இருக்கும். இவ்வேறுபாட்டைக் காண ஒரு தாவரவியலாளரும் அவ்வூர் முதியவர் ஒருவரும் கிராம அலுவலரும் சேர்ந்து அரை நாள் நடந்தால் போதும். அத்தகைய நடை, கல் நாட்டுவதற்கு முன் வழக்கமாக்கப்பட்டிருந்தால், காப்பு என்ற சொல்லையே மக்கள் ஐயத்துடன் கேட்கும் இன்றைய நிலை பெருமளவு தவிர்க்கப்பட்டிருக்கும். மேலும், பற்றையைக் காடென்று எண்ணிக் கொள்வதால் புள்ளிவிவரத்தில் காடு கூடியதாகத் தோன்ற, உண்மையான பழங்காட்டில் முதிரையும் பாலையும் களவாகத் தறிக்கப்படுவது அக்கணக்கில் மறைந்துபோகிறது. மேலடுக்கின் பெருமரங்கள் சில அகன்றாலும் கவிப்பு மூடியே தோன்றும் என்பதால், செய்மதிக்கு இவ்விழப்பு தென்படுவதில்லை.

சட்டத்தின் நிலையும் நிலையாக இல்லை. ஒதுக்கக் காடாக அறிவிக்கப்படாது எஞ்சியிருந்த அரச காடுகளின் பொறுப்பை வனத் திணைக்களத்திடம் வைத்திருந்த 2001ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சுற்றறிக்கை 2020இல் நீக்கப்பட்டு, அவ்வதிகாரம் மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கையளிக்கப்பட்டது. பயிர்ச்செய்கைக்கு நிலம் தேவை என்பதே சொல்லப்பட்ட காரணம். எது வளவு, எது பழங்காடு என்ற பட்டியல் கையில் இல்லாத ஓர் அலுவலர், எதை விடுவிப்பது எதைக் காப்பது என்று எதைக்கொண்டு முடிவு செய்வார் என்ற கேள்விக்கு அந்த மாற்றத்தில் விடையில்லை.

மரங்களை விட்டுக் கீழே பார்த்தால் கணக்கின் குறை மேலும் பெரிதாகத் தெரியும். இலங்கையில் ஐந்து காட்டுநெல் இனங்கள் வளர்கின்றன. அவற்றுள் ஒரிசா ரைசோமாட்டிஸ் எனப்படுவது உலகில் இலங்கைக்கு மட்டுமே உரியது. 1990இல்தான் அது தனியினமாக விவரிக்கப்பட்டது. மலைநாட்டு இனமன்று அது. மாரியில் நீர் தேங்கிக் கோடையில் வறளும் உலர்வலயக் காட்டு வெளிகளே அதன் இடம். வன்னியில் அவ்வகை நிலத்துக்குக் குறைவில்லை. நெல்லின் நோயெதிர்ப்புக்கும் வறட்சித் தாக்குப்பிடிப்புக்கும் வருங்காலத்தில் மூலமாகக்கூடிய ஒரு புல், பலகை தராததால் காட்டுக் கணக்கிலும், பயிரல்லாததால் விவசாயக் கணக்கிலும் இடம்பெறாமல் போவது எளிது. குளங்களின் உள்வாயில் நீர் வற்றும்போது எழும் கோரைகளும் கொட்டியும் அல்லியும் இதே நிலையில் உள்ளன. குளங்களைத் தூர்வாரிப் புனரமைக்கும் வேலைத்திட்டங்கள், கட்டின் உயரத்தையும் கொள்ளளவையும் அளக்கின்றனவே அன்றி, அடிநிலத்தில் உறங்கும் கிழங்குகளையும் விதைகளையும் எண்ணுவதில்லை.

அந்நியத் தாவரங்களின் வரவில் வவுனியாவுக்கு விரும்பத்தகாத ஒரு முதலிடம் உண்டு. தோலில் அரிப்பையும் மூச்சுத் திணறலையும் உண்டாக்கும் பார்த்தீனியம் இலங்கையில் முதன்முதலாக 1999இல் இனங்காணப்பட்டது வவுனியாவிலேயே. 1987இல் வந்த இந்திய அமைதிப்படையினரின் உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆடுகளுடன் அதன் விதை வந்திருக்கலாம் என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை சொரிவதும், அவ்விதை உழவு இயந்திரச் சில்லிலும் மணல் ஏற்றிய பாரவூர்தியிலும் ஒட்டிச் செல்வதும், அது வடக்கெங்கும் பரவ ஏதுவாயின. கவனிக்க வேண்டியது யாதெனில், வந்ததற்கும் அறியப்பட்டதற்கும் இடையில் பத்தாண்டுக்கு மேற்பட்ட இடைவெளி இருந்திருக்கக்கூடும் என்பதே. ஆண்டுதோறும் ஒரே இடங்களைச் சென்று பார்க்கும் நிலையான அவதானிப்பு இருந்திருந்தால், பிடுங்கி எறியக்கூடிய அளவிலேயே அதைக் கண்டிருக்க முடியும்.

கரையோரம் வேறொரு கதை. கொக்கிளாய், நாயாறு, நந்திக்கடல், சுண்டிக்குளம் ஆகிய களப்புகளின் ஓரத்தில் கண்ணா, கண்டல், தில்லை என்பவையும், உவர் படிந்த வெளிகளில் உமரியும், மணலில் அடம்பும் இராவணன் மீசையும் வளர்கின்றன. கொக்கிளாய் 1951 முதல் சரணாலயம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் கண்டல் நடும் ஆர்வம் நாடெங்கும் பெருகியது. ஆனால் இயல்பாகவே மரமற்ற உவர் வெளியில் கண்டலை நடுவது பெரும்பாலும் வீண், சில வேளை கேடு. கரைப்பறவைகளுக்கு அவ்வெளியே தேவை.

வன்னியில் தாவரக் கணக்கெடுப்பு எவ்வாறு அமைய வேண்டும் என்பதை மழையே வகுத்துத் தருகிறது. ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவக்காற்றுடன் பெய்கிறது. கார்த்திகைப்பூ போன்ற கிழங்குச் செடிகளும் ஒருபருவச் சிறுசெடிகளும் அம்மாதங்களில் மட்டுமே மண்ணுக்கு மேல் தெரியும். போக்குவரத்துக்கு வசதி என்று ஆனியில் செல்லும் குழு அவற்றைக் காணவே காணாது. பாலை, வீரை முதலிய மரங்களின் கனியைக் காணக் கோடையிலும், குளத்து அடிநிலச் செடிகளைக் காண நீர் இறங்கும் மாசி, பங்குனியிலும் செல்ல வேண்டும். ஆகவே ஒரே இடத்துக்கு ஓராண்டில் மூன்று முறையேனும் போகாத கணக்கு அரைக்கணக்கே. அடிமரத்தின் சுற்றளவை 1.3 மீற்றர் உயரத்தில் அளந்து, அடையாளமிட்டு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் அளக்கும் நிலையான மாதிரித் துண்டுகள் பழங்காட்டிலும் பற்றையிலும் கண்ணிவெடி அகற்றிய நிலத்திலும் அமைய வேண்டும். சேகரித்த ஒவ்வொரு செடிக்கும் உலர்த்திய மாதிரி ஒன்று பேராதனைத் தேசிய உலர்தாவரகத்துக்கும், மற்றொன்று வடக்கிலேயே வைக்கப்படும் தொகுப்புக்கும் செல்லுதல் நன்று. உலர்தாவரகம் என்பது அழுத்தி உலர்த்திய செடிகளை இடம், நாள், சேகரித்தவர் பெயர் என்பவற்றுடன் பேணும் காப்பகமாகும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சி அறிவியல்நகரில் இருப்பதும், பம்பைமடுவில் இயங்கிய வளாகம் 2021இல் வவுனியாப் பல்கலைக்கழகமாக உயர்ந்ததும் இதற்கான ஆளணியைக் களத்துக்கு அருகிலேயே தந்துள்ளன. மூலிகைகளைப் பொறுத்தவரை கைதடியிலுள்ள சித்த மருத்துவத் துறையினரின் அறிவும் சேர வேண்டும்.

தேன் எடுப்போர், மாடு மேய்ப்போர், மூலிகை பிடுங்குவோர் ஆகியோரின் அறிவை ஆய்வுகள் பெரும்பாலும் பெயர் கேட்டு எழுதுவதோடு நிறுத்திவிடுகின்றன. அவர்களுக்குப் பெயரினும் கூடுதலாகத் தெரிவது காலமும் இடமும்: எந்தப் பாலை எந்த ஆண்டு காய்த்தது, எந்த மோட்டையில் நீர் கடைசியாக வற்றும், எந்தக் கொடி முன்பிருந்து இப்போது இல்லை என்பவை. ஊர்ப்பெயரை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. இங்கே முதிரை எனப்படும் மரம் தமிழ்நாட்டில் வேறு பெயர் பெறுவதால், மாதிரி இல்லாத பெயர்ப்பட்டியல் கடல் கடந்தால் குழப்பமாகிவிடும்.

காத்தலைப் பொறுத்தவரை, மரம் நடுகை விழாக்களால் வன்னிக்கு விளையும் பயன் சிறிது. நாற்றுமேடைகளில் எளிதாகக் கிடைப்பவை தேக்கும் மலைவேம்பும் விரைந்து வளரும் பிற மரங்களுமே. பாலையும் வீரையும் கருங்காலியும் மெதுவாக வளர்வதால் நடுகைத் திட்டத்தின் ஆண்டறிக்கையில் அழகாகத் தோன்றுவதில்லை. பழங்காட்டின் ஓரத்தில் உள்ள பற்றையை வெட்டாமலும் எரிக்காமலும் விட்டு, பார்த்தீனியத்தையும் நாயுண்ணியையும் மட்டும் அகற்றினால், பறவையும் கரடியும் கொண்டுவரும் விதையிலிருந்து காடு தானே நகர்ந்து வரும்; செலவும் குறைவு. விதைக்காட்டிலிருந்து தொலைவில், வெடி அகற்றி வெறுமையான நிலத்தில் மட்டுமே நடுகை உண்மையில் தேவை. அதற்கான விதையை அவ்வப் பிரதேசத்தின் மரங்களிலிருந்தே, காய்த்த ஆண்டிலேயே எடுக்க வேண்டும். வற்றாப்பளையிலும் ஒட்டுசுட்டானிலும் போல ஊர்க்கோயில்களைச் சூழ நிற்கும் பழைய மரங்கள் இதற்கு நல்ல விதைமூலங்கள். அவற்றைக் கோயிற் புனரமைப்பின்போது சீமெந்துத் தளத்துக்காகத் தறிக்காதிருக்கும்படி பரிபாலன சபைகளுடன் பேசுவது, புதிய சட்டமொன்றுக்குக் காத்திருப்பதினும் விரைவில் முடியக்கூடிய வேலை.